பாட்டில் போனது, பாட்டு நின்றது!

குளிர்பான விளம்பரப் பாட்டுகளின் சுவையான கதை

மும்பையில் ஐம்பது வயதைத் தாண்டியவர் யாரிடமாவது "கோல்ட் ஸ்பாட்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, வாய் தானாக ஒரு மெட்டை முணுமுணுக்கும். அந்த ஆரஞ்சு நிறக் குளிர்பானம் கடைகளை விட்டுப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் ருசி எப்படி இருந்தது என்று கேட்டால், "இனிப்பாக இருக்கும்" என்பதற்கு மேல் பலருக்குச் சொல்லத் தெரியாது. பாட்டை மட்டும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் "கலர்" என்றுதான் சொல்வார்கள். விருந்தாளி வந்தால் கலர். காய்ச்சல் விட்டால் கலர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்குக் கலர். ஒரு பாட்டிலை இரண்டு குழந்தைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த வீடுகள் ஏராளம். ஆனால் பாட்டைப் பங்கு போட வேண்டியதில்லை. கலர் வாங்கக் காசு வேண்டும். பாட்டு கேட்கக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டு ரேடியோவே போதும்.

கம்பெனி பணம் கொடுத்து எழுதி வாங்கும் பாட்டு இது. சரக்கை விற்பது ஒன்றே அதன் வேலை. அப்படிப்பட்ட பாட்டு, சரக்கை விட்டுப் பிரிந்து ஜனங்களின் பாட்டாக மாறியது எப்படி? அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

ஐந்து சென்ட் பாட்டு

1930-களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. ஐந்து சென்ட் நாணயத்தைச் செலவழிக்கவும் ஜனங்கள் யோசித்த காலம். அப்போது குளிர்பானச் சந்தையில் கொக்கோ கோலாதான் ராஜா. பெப்சி பின்தங்கிய கம்பெனி. ஆனால் அதனிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கொக்கோ கோலா பாட்டில் ஆறரை அவுன்ஸ். விலை ஐந்து சென்ட். பெப்சி பாட்டில் 12 அவுன்ஸ்; அதற்கும் விலை ஐந்து சென்ட்தான்.

இந்தக் கணக்கை ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது? 1939-ல் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குட்டிப் பாட்டைத் தயார் செய்தார்கள். ஒருவர் ஆலன் கென்ட், மற்றவர் குரூம் ஜான்சன். மெட்டுக்காக அவர்கள் அதிகம் சிரமப்படவில்லை. ஜான் பீல் என்ற வேட்டைக்காரரைப் பற்றி இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டிலிருந்து பாடப்பட்டு வந்த பழைய மெட்டை எடுத்துக்கொண்டார்கள். வார்த்தைகளை மட்டும் மாற்றினார்கள். அதே ஐந்து சென்டுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும் என்பதுதான் பாட்டின் சாரம்.

பெப்சியின் தலைவராக இருந்த வால்டர் மாக் பாட்டைக் கேட்டதும் மயங்கிப்போனார். ஆனால் பெரிய ரேடியோ நிலையங்கள் கைவிரித்தன. அந்த நாளில் விளம்பரம் என்றால் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று மொத்தமாக வாங்க வேண்டும். அரை நிமிடத்தை யாரும் விற்பதில்லை. மாக் சளைக்கவில்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில் காசுக்கு அல்லாடிய சின்னச் சின்ன நிலையங்களைத் தேடிப் போனார். அங்கே பாட்டு ஒலித்தது. சில வாரங்களில் தெருவெல்லாம் அதே பாட்டு. மறுத்த பெரிய நிலையங்கள் பிறகு தாங்களே வழிவிட்டன. அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பான முதல் விளம்பரப் பாட்டு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

அதைவிட வேடிக்கை அடுத்து நடந்தது. ஓட்டல்களில் காசு போட்டால் இசைத்தட்டு சுழலும் "ஜூக் பாக்ஸ்" பெட்டிகளில் இந்தப் பாட்டும் ஏறியது. ஐந்து சென்டுக்குக் கலர் வாங்கலாம் என்று சொல்ல வந்த பாட்டு அது. ஜனங்களோ அதே ஐந்து சென்டைப் பெட்டியில் போட்டுப் பாட்டைக் கேட்டார்கள்! விளம்பரத்தைக் காசு கொடுத்துக் கேட்ட அதிசயம் இது.

மூடுபனி தந்த பாட்டு

அடுத்த அதிசயம் 1971-ல் நடந்தது. இந்த முறை கொக்கோ கோலாவின் பங்கு.

அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதி வந்தவர் பில் பாக்கர். 1971 ஜனவரியில் அவர் லண்டனுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். லண்டனில் கடும் மூடுபனி. விமானம் அயர்லாந்தில் உள்ள ஷானன் விமான நிலையத்தில் இறக்கப்பட்டது. தங்குவதற்குப் போதிய அறைகள் இல்லை. பயணிகள் கொதித்துப் போனார்கள்.

மறுநாள் காலை விமான நிலையச் சிற்றுண்டிக் கடையில் பாக்கர் ஒரு காட்சியைக் கண்டார். முதல் நாள் இரவு சண்டை போட்டவர்களே கொக்கோ கோலா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்த கூத்தைச் சொல்லிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பல நாட்டுக்காரர்கள், முன்பின் அறியாதவர்கள். பாக்கர் ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்தார். உலகத்துக்கே ஒரு கோக் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தை அதில் கிறுக்கி வைத்துக்கொண்டார்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் இசையமைப்பாளர் பில்லி டேவிஸிடம் அதைக் காட்டினார். டேவிஸ் கறுப்பர் இனத்தவர். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. உலகத்துக்கு ஏதாவது செய்ய வசதி இருந்தால் முதலில் கோக்கா வாங்கிக் கொடுப்பேன்? எல்லோருக்கும் வீடு கொடுப்பேன், அன்பும் சமாதானமும் கொடுப்பேன் என்ற பொருளில் அவர் சொன்னார். "சரி, அதையே பாட்டாக்குவோம். அதில் கோக் எங்கே வரும் என்று நான் காட்டுகிறேன்" என்ற விதமாகப் பாக்கர் பதில் சொன்னார். அப்படியே பாட்டு அமைந்தது. ரோஜர் குக், ரோஜர் கிரீன்அவே ஆகிய இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். "நியூ சீக்கர்ஸ்" குழுவினர் பாடினார்கள்.

பிப்ரவரியில் பாட்டு ரேடியோவுக்கு வந்தது. கோக்கைப் பாட்டிலில் அடைத்து விற்கும் முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. ரேடியோ நேரம் வாங்கப் பலர் மறுத்தார்கள். பாட்டு செத்துவிட்டது என்றே தோன்றியது.

பாக்கர் விடவில்லை, படம் எடுக்க ஏற்பாடு செய்தார். பல நாட்டு இளைஞர்கள் ஒரு மலைச்சரிவில் நின்று பாடுவது போலக் காட்சி. இங்கிலாந்தின் டோவர் கடற்கரைக் குன்றுகளுக்குப் போனார்கள். விடாத மழை. இத்தாலிக்குப் போனார்கள். ரோம் நகருக்கு வெளியே குன்று கிடைத்தது. அங்கும் மழை துரத்தியது. முதலில் எடுத்த படம் உருப்படவில்லை. மறுபடி எடுத்தார்கள். முடிவில் செலவு இரண்டரை லட்சம் டாலர். அந்நாளில் அரை நிமிட, ஒரு நிமிட விளம்பரங்களுக்கு யாரும் கேள்விப்படாத தொகை.

1971 ஜூலையில் அமெரிக்க டெலிவிஷனில் படம் வந்தது. அப்போது வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுப் பிள்ளைகளின் சவப்பெட்டிகள் வந்து இறங்கிய காலம். எல்லா நிறத்து முகங்களும் ஒன்றாக நின்று பாடியதைப் பார்த்து ஜனங்கள் உருகிப்போனார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்ததாகக் கம்பெனி கணக்குச் சொன்னது. "அந்த விளம்பரத்தைப் போடுங்கள்" என்று ரேடியோ நிலையங்களுக்கு நேயர்கள் போன் செய்தார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். கோக் என்ற சொல்லை அடியோடு எடுத்துவிட்டு அதே பாட்டு இசைத்தட்டாக வந்தது. பிரிட்டனில் 1972 ஜனவரியில் முதல் இடத்தைப் பிடித்தது. பாட்டிலை எடுத்த பிறகும் பாட்டு நின்றது! அந்தப் பாட்டின் வருமானத்திலிருந்து 80 ஆயிரம் டாலரைக் கம்பெனி ஐ.நா. குழந்தைகள் நிதிக்குக் கொடுத்தது.

கொக்கோ கோலா போன கதை

இனி இந்தியாவுக்கு வருவோம்.

அகில இந்திய ரேடியோவில் ஒரு காலத்தில் விளம்பரமே கிடையாது. சரக்கை ரேடியோவில் விற்க விரும்பிய இந்தியக் கம்பெனிகள் ரேடியோ சிலோனைத்தான் நாடின. 1967 நவம்பர் 1-ந்தேதி விவித பாரதியில் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. அதிலும் பம்பாய், புனே, நாக்பூர் நிலையங்களுக்கே முதல் வாய்ப்பு. 1976 ஜனவரி 1-ந்தேதி தூர்தர்ஷனும் விளம்பரங்களை ஏற்றது.

அதற்கு அடுத்த ஆண்டு பெரிய மாற்றம் வந்தது. 1973-ம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்தார். பங்கைக் குறைப்பதற்கும், பானத்தின் ரகசியத் தயாரிப்பு முறையை விட்டுக்கொடுப்பதற்கும் கொக்கோ கோலா சம்மதிக்கவில்லை. 1977-ல் மூட்டை கட்டியது.

காலி இடத்தைப் பிடிக்கப் போட்டி மூண்டது. மத்திய அரசே ஒரு கோலாவைக் கொண்டுவந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் பக்குவம் சொல்ல, அரசின் மாடர்ன் பேக்கரி தயாரித்தது. ஆண்டின் நினைவாக "டபுள் செவன்" என்று பெயர். அது சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. முன்பு கொக்கோ கோலாவைப் பாட்டிலில் அடைத்து வந்த பியூர் டிரிங்க்ஸ் கம்பெனி "கேம்பா கோலா"வைக் கொண்டுவந்தது. பம்பாயின் பார்லே கம்பெனி "தம்ஸ் அப்"பை இறக்கியது. கோல்ட் ஸ்பாட்டும் லிம்காவும் ஏற்கெனவே பார்லேயின் கையில் இருந்தன.

ரேடியோவும் தயார், டெலிவிஷனும் தயார், மேல்நாட்டுப் போட்டியும் இல்லை. விளம்பரப் பாட்டுகளுக்குப் பொற்காலம் பிறந்தது. தம்ஸ் அப்புக்கு ஒரு பாட்டு, லிம்காவுக்கு ஒரு பாட்டு, கோல்ட் ஸ்பாட்டுக்கு ஒரு பாட்டு என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகள். அர்த்தம் புரியாத பிள்ளைகளும் மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள்.

பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள்

விளம்பரப் பாட்டு செய்வது சுலபமான வேலை அல்ல. சினிமாப் பாட்டுக்கு நாலைந்து நிமிடம் கிடைக்கும். இங்கே 30 விநாடி. அதற்குள் மெட்டு மனதில் தைக்க வேண்டும். சரக்கின் பெயர் தாளத்தில் சரியாக விழ வேண்டும். கடைசியில் காதில் நிற்பதும் அந்தப் பெயராகவே இருக்க வேண்டும்.

பம்பாயில் இந்த வேலையைச் செய்தவர்கள் சாதாரண வித்வான்கள் அல்ல. லண்டனிலும் பாரிசிலும் மேல்நாட்டுச் சங்கீதம் படித்துத் திரும்பிய வன்ராஜ் பாட்டியா ஆயிரக்கணக்கில் விளம்பர இசை அமைத்தவர். ஷியாம் பெனகலின் படங்களுக்கு இசை தந்தவரும் அவரே. 2021-ல் காலமானார். ஜாஸ் பியானோ மேதை லூயி பாங்க்சும் விளம்பர இசையில் பெயர் பெற்றவர். 1992-ல் "ரோஜா" மூலம் சினிமாவுக்கு வருமுன் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் செய்து வந்த தொழிலும் இதுதான்.

ஆனாலும் எந்தப் பாட்டை யார் அமைத்தார், யார் பாடினார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. சினிமாப் பாட்டு முடிந்தால் ரேடியோவில் பெயர் சொல்வார்கள். விளம்பரப் பாட்டு முடிந்தால் அடுத்த விளம்பரம்தான். நாடே முணுமுணுத்த மெட்டுக்குச் சொந்தக்காரர் அதே ஊரில் மின்சார ரயிலில் போனாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்குக் கொடுத்த விலை

புகழ் பெற்ற பாடகர்களைப் பிடிக்கும் பழக்கம் 1980-களில் உச்சத்துக்குப் போனது. மைக்கேல் ஜாக்சன் குழுவினருடன் பெப்சி 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஜாக்சனின் "பில்லி ஜீன்" பாட்டின் மெட்டை வைத்து, வார்த்தைகளைப் பெப்சிக்காக மாற்றினார்கள்.

1984 ஜனவரி 27-ந்தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அரங்கில் படப்பிடிப்பு. ஜாக்சன் படிகளில் இறங்கி வரும்போது மத்தாப்பு வெடிக்க வேண்டும். அது முன்கூட்டியே வெடித்துவிட்டது. அவர் தலைமுடியில் தீப்பிடித்தது. உச்சந்தலை வெந்துபோனது. நஷ்டஈடாகக் கிடைத்த 15 லட்சம் டாலரைத் தனக்குச் சிகிச்சை அளித்த ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்கே அவர் கொடுத்துவிட்டார். விளம்பரம் குறித்தபடி ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் ஆட்டத்தை ரசித்தார்கள்.

போனவர்கள் திரும்பினார்கள்

இந்தியாவில் பெப்சிக்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. 1990-ல் கடைக்கு வந்தது. வெளிநாட்டுப் பெயரை மட்டும் போடக்கூடாது என்பதால் "லெஹர் பெப்சி" என்று பெயர். அதன் விளம்பரத்தில் கோவாவைச் சேர்ந்த பாடகர் ரெமோ பெர்னாண்டஸ் பாட, நடிகை ஜூஹி சாவ்லா உடன் தோன்றினார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசும் கல்லூரிப் பிள்ளைகளின் பாஷை அதன்பின் பெப்சி விளம்பரங்களில் புகுந்தது.

1993-ல் கொக்கோ கோலா திரும்பி வந்தது. ஆக்ராவில் மறு அறிமுகம். அதே ஆண்டில் பார்லே தன் குளிர்பானங்களை அதனிடமே விற்றது. கொக்கோ கோலா இல்லாத குறையைத் தீர்க்க வந்த தம்ஸ் அப்புக்கு இப்போது கொக்கோ கோலாதான் முதலாளி! தம்ஸ் அப் பிழைத்துக்கொண்டது. கோல்ட் ஸ்பாட் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில் மறைந்தது.

கேம்பா கோலாவும் வாடிப்போனது. வொர்லியில் உள்ள "கேம்பா கோலா காம்பவுண்ட்" மூலம் அந்தப் பெயர் மும்பைவாசிகள் வாயில் நிலைத்தது. அங்கே அனுமதியில்லாமல் கட்டப்பட்ட மாடிகளை இடிக்கும்படி 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டபோது குடியிருந்தவர்கள் கண்ணீர் விட்டதை ஊரே பார்த்தது. பானத்தை 2022-ல் ரிலையன்ஸ் வாங்கியது. 2023-ல் மறுபடி கடைக்கு வந்தது.

பாட்டு சொல்லாத கணக்கு

பாட்டில் சந்தோஷம் உண்டு, நட்பு உண்டு, சமாதானம் உண்டு. ஒன்று மட்டும் இல்லை. சாதாரணக் கோலா 100 மில்லியில் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் லிட்டர் பாட்டிலில் 25 கிராம்; அதாவது ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். வளர்ந்த ஒருவர் நாள் முழுவதும் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே பாட்டிலில் அந்தக் கணக்கு தீர்ந்துபோகிறது. ஆறு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து பிள்ளைக்குக் கொடுங்கள் என்றால் எந்தத் தாயும் கொடுக்க மாட்டாள். பாட்டோடு வந்தால் கொடுத்துவிடுகிறாள். பாட்டின் சக்தி அப்படி.

இரண்டு மலைகள்

அந்தச் சக்தி கம்பெனிகள் கனவிலும் நினைக்காத இடத்துக்கும் போனது.

1998-ல் பெப்சி ஓர் இந்தி விளம்பர வாசகத்தை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. இந்த மனம் இன்னும் வேண்டும் என்று கேட்கிறது என்பது அதன் பொருள். கடைசிச் சொல் மட்டும் ஆங்கிலம். எழுதியவர் அனுஜா சவுகான் என்ற விளம்பர எழுத்தாளர். குழந்தைகள்கூட அதைச் சொல்லித் திரிந்தார்கள்.

மறு ஆண்டு கார்கில் யுத்தம். ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் 13-வது பட்டாளத்தைச் சேர்ந்த விக்ரம் பத்ராவுக்கு வயது 24. 5140 என்ற எண்ணுள்ள சிகரத்தைப் பிடிக்கும் பொறுப்பு அவர் படைப்பிரிவிடம் வந்தது. வெற்றி கிடைத்தால் வயர்லெசில் சொல்ல வேண்டிய அடையாளச் சொல்லை அவரே தேர்ந்தெடுத்தார். அது அந்தப் பெப்சி வாசகம்! 1999 ஜூன் 20-ந்தேதி விடியலில் சிகரம் பிடிபட்டது. மலையிலிருந்து அந்த வாசகம் ஒலித்தது. பிறகு டெலிவிஷன் நிருபரிடம் அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னதை நாடே பார்த்தது.

இன்னும் ஒரு சிகரம் பாக்கி இருந்தது. ஜூலை 7-ந்தேதி 4875-வது சிகரத்துக்கான சண்டையில் அவர் வீரமரணம் அடைந்தார். பரம வீர சக்ரா விருது அவருடைய தந்தையிடம் கொடுக்கப்பட்டது.

இத்தாலியக் குன்றில் நின்ற இளைஞர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். மழை விடும்வரை காத்திருந்து, இரண்டரை லட்சம் டாலர் செலவழித்துப் பாட வைத்தார்கள். கார்கில் சிகரத்தில் பாட்டில் எதுவும் இல்லை. அங்கே யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. ஒரு கலர் கம்பெனியின் வாசகத்தை 24 வயதுப் பையன் ஒருவன் தனதாக்கிக்கொண்டு போனான். இன்று அந்த வாசகத்தைக் கேட்பவர்களில் எத்தனையோ பேருக்கு நினைவுக்கு வருவது பெப்சி அல்ல, அவனுடைய முகம்தான்.